மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஆண்டுதோறும் தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் எங்கள் நுரையீரல் புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் மிகுந்துவிடும். மார்கழிப் பனியும் போகிப் புகையுமே காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். வருபவர்களிடம் சற்றுப் பொறுமையாக விசாரித்தால் மூன்றாவது காரணமொன்றும் வெளிவரும். "வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தோம், டாக்டர்." பரணில் ஏறியவர், ஒட்டடை அடித்தவர், பத்தாண்டுகளாகத் திறக்காத டிரங்குப் பெட்டியைத் திறந்தவர் என்று ஒவ்வொருவராக இருமிக்கொண்டே உள்ளே வருவார்கள்.

சென்ற ஆண்டு அந்நாள்களில் வந்த ஒருவர் மட்டும் இருமவில்லை. அவருக்கு 45 வயதிருக்கும். வீடுகளை ஒழித்துக் கொடுப்பதே அவர் தொழில். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். வீடு மாறுபவர்கள், பழைய வீட்டை இடிக்கக் கொடுப்பவர்கள், பெற்றோர் காலமானபின் அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்பவர்கள் அழைத்தால் இரண்டு ஆள்களுடன் போய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வார். விலை போகக்கூடியது காயலான் கடைக்குப் போகும்; மற்றது குப்பைக் கிடங்குக்குப் போகும்.

அவரை என்னிடம் அழைத்து வந்தவர் என் பழைய நோயாளி ஒருவரின் மகள். அந்தப் பெரியவர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பல ஆண்டுகள் என்னிடம் சிகிச்சை பெற்றுவந்தவர். அதற்கு முந்தைய மாதம் காலமாகியிருந்தார். மூச்சுத் திணறலுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகளால் அவருக்குச் சர்க்கரை ஏறி, கடைசி எட்டு மாதங்களும் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டார். காரியங்கள் முடிந்தபின் மகள் தந்தையின் அறையை ஒழித்தார். பழைய வேட்டி சட்டைகளையும் மருந்து அட்டைகளையும் சாக்குகளில் கட்டினார். பயன்படுத்திய இன்சுலின் ஊசிகள் கிடந்த பிளாஸ்டிக் பையும் அவற்றுள் ஒரு சாக்கில் போய்விட்டது. அந்தச் சாக்கைத் தொடையோடு அணைத்துத் தூக்கியபோது ஊசி குத்தியிருக்கிறது.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் குத்திய இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை, துக்கவீட்டில் இதைப் போய்ச் சொல்வதா என்று தயங்கியதாகப் பிறகு கூறினார். இரவில் கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொல்ல, அவள் பயந்துவிட்டாள். நான்கு இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தபின், திங்கட்கிழமை காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயாவுக்கு என்ன நோயும்மா இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் பதறிப்போய், தம் வண்டியிலேயே அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். இருவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அன்று எனக்கும் தலைகுனிவாகவே இருந்தது. அந்த ஸ்டீராய்டை எழுதியவன் நான். இன்சுலின் அளவையும் வேளையையும், எந்த இடத்தில் போடவேண்டும் என்பதையும் நாங்கள் அக்குடும்பத்துக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தோம். போட்டு முடித்த ஊசியை எங்கே வைப்பது என்று எவரும் சொல்லவில்லை. எட்டு மாதங்களில் ஒருமுறைகூட அது எனக்குத் தோன்றவில்லை. இக்கட்டுரை அந்த விடுபட்ட பகுதியை இப்போதாவது சொல்லும் முயற்சி.

ஊசி குத்தினால்

ஊசி குத்திய மனிதர் முதலில் அஞ்சுவது எச்.ஐ.வி. கிருமியைத்தான். மருத்துவக் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. நோயுற்றவரின் இரத்தம் பட்ட ஊசி மருத்துவமனைப் பணியாளர்களைக் குத்தியபோது கண்டறிந்த அளவுகள் இவை: எச்.ஐ.வி. தொற்றுவது ஏறத்தாழ 1,000-இல் 3 பேருக்கு. ஹெபடைட்டிஸ் சி அதிகம் போனால் 100-இல் 2 பேருக்கு. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவராயின், 100-இல் 6 முதல் 30 பேருக்கு. எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழக்கும். ஹெபடைட்டிஸ் பி கிருமியோ உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாள்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். பையில் கிடக்கும் பழைய ஊசியைப் பொறுத்தவரை நாம் அதிகம் அஞ்சவேண்டியது இந்தக் கிருமிக்கே. நல்வாய்ப்பாக, தடுப்பூசி இருப்பதும் இதற்கே.

குத்தியவுடன் செய்யவேண்டியது எளியது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். பிழிந்து இரத்தத்தை வெளியேற்றுவதும், வாயால் உறிஞ்சுவதும், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டா. பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்கு வரவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகள் தேவை என்று மருத்துவர் கருதினால் அவற்றை இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும். 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். நம் நண்பர் வந்து சேர்ந்தபோது அந்த 72 மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும், வில்வாத ஜன்னியைத் தடுக்கும் டெட்டனஸ் ஊசியையும் அன்றே முடிவு செய்யலாம். ஊசி எந்த வீட்டுடையது என்று தெரிந்தால், அந்த வீட்டு நோயாளியின் பரிசோதனை முடிவுகள் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். ஆகவே, குத்தியவர் வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. அவர் தயங்காதபடி நடந்துகொள்வது வீட்டுக்காரரின் கடமை.

இனி ஊசிகளை வீட்டில் வைக்கும் முறை. துணி சலவைத் திரவம் வரும் கனமான பிளாஸ்டிக் புட்டியோ, திருகுமூடியுள்ள எண்ணெய்க் கேனோ போதும். தனியாக எதுவும் வாங்கவேண்டியதில்லை. போட்டு முடித்த ஊசியின் முனையில் மூடியை மீண்டும் மாட்ட முயலாமல் நேரே அதற்குள் போடுங்கள். மூடியை மாட்டும்போதுதான் பலர் தம் விரலையே குத்திக்கொள்கிறார்கள். இன்சுலின் பேனாவின் ஊசி, விரல் நுனியில் இரத்தம் எடுக்கும் லான்செட் இரண்டுக்கும் இதே இடந்தான். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, "ஊசிகள்" என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். தண்ணீர் பாட்டில் இதற்கு உதவாது. அழுத்தினால் நசுங்கும், ஊசி துளைத்துக்கொண்டு வெளிவரும். தயவுசெய்து குழந்தைகள் அடையாளம் கண்டுகொள்ளும் குளிர்பானப் புட்டியும் வேண்டா.

நிறைந்த புட்டியை என்ன செய்வது? பயன்படுத்திய ஊசி, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, குழல்விளக்கு, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டோடும் சேராமல் அவற்றைத் தனியாகக் கொடுக்கவேண்டும். உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் "இதில் ஊசி இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லிக் கொடுங்கள். இல்லையேல் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வந்து, எங்கே ஒப்படைக்கலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள். மருத்துவமனைகளில் ஊசிகளுக்கென்று துளைக்கமுடியாத வெள்ளைக் கலன்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒழுங்கு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுவதற்கு நியாயமில்லை.

தூசி என்று அலட்சியம் வேண்டா

இனி என் துறைக்கு வருகிறேன். பரணில் படிந்திருக்கும்வரை தூசி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அதை எழுப்பிவிடும் அந்த ஒரு நாளில்தான் சிக்கல். நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்தாம், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கே அளவுள்ளவை, நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்குகின்றன. கூட்டிப் பெருக்கி முடித்து, "தூசி அடங்கிவிட்டது" என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அவை பல மணி நேரம் அறையின் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

அத்துகள்களில் இருப்பது வெறும் மண்ணன்று. கரப்பான் பூச்சியின் கழிவு, தூசிப் பூச்சி, பூஞ்சைத் துகள், மாடியிலும் ஏ.சி. பெட்டியின் பின்புறத்திலும் குவிந்த புறா எச்சம் எல்லாம் அதில் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு இவை உடனே இழுப்பைத் தூண்டும். அதை அவரே புரிந்துகொள்வார். ஆனால், ஒவ்வாமையால் நுரையீரல் திசுவே அழற்சியடையும் இன்னொரு நோய் இருக்கிறது. தூசியைச் சுவாசித்த நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குப் பின் காய்ச்சல், குளிர், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சுமுட்டல் தோன்றும். பகலெல்லாம் புறா எச்சம் சுரண்டியவருக்கு இரவில் காய்ச்சல் வந்தால் அவரும் வீட்டாரும் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே எண்ணுவார்கள். இரண்டொரு நாளில் சரியாகவும் கூடும். மீண்டும் மீண்டும் அதே சூழலில் இருப்பவருக்கு நுரையீரலில் ஆறாத வடுக்கள் விழுகின்றன. அவற்றை மருந்தால் மாற்ற இயலாது. நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியான இந்திய ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரிடம் கண்டது இந்த ஒவ்வாமை வகைதான். அவர்களுள் பலருக்கு ஏர்கூலரில் வளர்ந்த பூஞ்சையோடு தொடர்பு இருந்தது.

எனவே நான் நோயாளிகளிடம் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் வடு நோய் உள்ளவர்கள் வீடு ஒழிக்கும் நாளில் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு, நனைந்து பூஞ்சை பிடித்த பொருள்களிலிருந்து எழும் தூசி உயிருக்கே ஆபத்தாகலாம். அன்று ஓரிரவாவது உறவினர் வீட்டில் தங்கட்டும். "நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து எதை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்" என்று அடம்பிடிக்கும் தாத்தாக்களையும் பாட்டிகளையும் நான் அறிவேன். கைப்பேசியில் சொல்லச் சொல்லுங்கள்.

அவர்கள் மருந்துகளை முதலில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு போகியன்று, ஆஸ்துமா நோயாளியான அம்மையாரின் இன்ஹேலரும், அதோடு பொருத்தும் பெரிய பிளாஸ்டிக் குழாயும் குப்பை மூட்டையோடு போய்விட்டன. அந்தக் குழாயைப் பேரன் உடைந்த பொம்மை என்று நினைத்துவிட்டான். தூசி கிளம்பிய வீட்டில், விடுமுறை நாளில், இன்ஹேலரின்றி அவர் இழுப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். நலமாகத் திரும்பிவிட்டதால் இன்று அதைச் சொல்லி அவரே சிரிக்கிறார்.

வேலை செய்பவர்கள் உலர்ந்த துடைப்பத்தை எடுப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் தூசி துணியோடு போய்விடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். புறா எச்சத்தை நன்றாக ஊறவைத்தபின்னரே சுரண்ட வேண்டும். முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் பெரிய தூசியைத் தடுக்கும். நுண்துகளைத் தடுப்பது என் 95 வகை முகக்கவசந்தான். அதிலும் இரண்டு பட்டைகளையும் மாட்டி, மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்தி, ஓரங்களில் காற்றுக் கசியாமல் அணிந்தால்தான் பயன். தாடி உள்ளவர்களுக்குக் கசிவு தவிர்க்கமுடியாதது. வீட்டார் அதை அணிந்துகொண்டு, கூலிக்கு வந்தவரை வெறும் துண்டோடு பரணில் ஏற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆளுக்கொன்று வாங்கினால் ஆகும் செலவு, அன்று எல்லாருக்கும் வாங்கும் காப்பிச் செலவைத் தாண்டாது.

ஒழித்த பொருள்களை வாசலில் கொளுத்துவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தரையிறங்க முடியாமல் திணறின. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை உங்கள் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. மூன்று வீடு தள்ளி ஆக்சிஜன் செறிவூட்டியோடு படுத்திருப்பவர் எங்கள் நோயாளியாக இருக்கலாம்.

நோயாளி வாழ்ந்த அறை

மறைந்தவர் அறையை ஒழிப்பது மனத்துக்குக் கடினமான வேலை. அதனாலேயே பலர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும், மருத்துவப் பொருள்களை மட்டும் ஒருநாள் முன்னதாக, வேறு எதையும் தொடாமல், தனியே எடுத்து வைத்துவிடுங்கள். தனியாக முடியாதென்றால் நெருங்கிய நண்பரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டக் கூடாது. "யாருக்காவது உதவுமே" என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது. வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரைகள் இருந்தால் அவற்றைக் கொடுத்த மருத்துவமனையிடமே திருப்பிக் கொடுங்கள். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைகளைப் பயன்படுத்தியிருந்தால் தனிக்கவனம் வேண்டும். கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். ஒரு குழந்தை அதை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ மென்றாலோ மூச்சு நின்றுவிடக்கூடும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகள் கைக்கெட்டாமல் வைத்திருந்து ஒப்படைக்க வேண்டும். இன்ஹேலர் குப்பிகள் காலியானாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். அவற்றைத் துளையிடுவதும் தீயில் போடுவதும் ஆபத்து. ஆக்சிஜன் சிலிண்டரைப் பழைய இரும்பென்று விற்றுவிடாதீர்கள். அழுத்தம் குறையாத சிலிண்டர் வெட்டுப்பட்டறைக்குப் போனால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வால்வை மூடி, எண்ணெய்க் கை படாமல், கொடுத்த நிறுவனத்திடமே சேர்த்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் கண்ணாடி வெப்பமானியும், பாதரசத் தம்பம் உள்ள இரத்த அழுத்தக் கருவியும் இன்னும் அகப்படுகின்றன. உடைந்து சிந்திய பாதரச முத்துகள் குழந்தைகளுக்கு வேடிக்கை. அவற்றிலிருந்து எழும் ஆவி மணமற்றது. நுரையீரலையும் நரம்புகளையும் தாக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் முத்துகள் சிதறிப் பெருகும். குழந்தைகளை வெளியேற்றிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டியான இரண்டு அட்டைகளால் முத்துகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் எடுக்க வேண்டும். அதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப் பாழாகும். இந்த ஒன்றைச் சொன்னால் மற்றவற்றையும் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணிகளைக் குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் ஆவியே இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கிவிடும். துவைத்து, பலநாள் வெயிலில் உலர்த்தி, வாசனை முற்றிலும் போனபின்னரே கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் கழிவறையைக் கழுவும் வேளையில் வருவது இன்னொரு விபத்து. "இன்னும் பளிச்சென்று ஆகட்டும்" என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். அக்கணமே குளோரின் வாயு கிளம்புகிறது. சிறிய அறை, மூடிய கதவு, குனிந்த முகம். கண்ணெரிச்சலும் இருமலும் தொடங்கியவுடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறித் திறந்த வெளிக்கு வரவேண்டும். முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும், சிலருக்குப் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆகையால் மூச்சுமுட்டல் சிறிதளவு இருந்தாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

கொல்லைப்புறத்தில்

மழை வெள்ளத்துக்குப் பிந்தைய சுத்தப்படுத்தலில் எலிக்காய்ச்சல் முக்கியமானது. சென்னையில் 2015 டிசம்பரிலும், தென்மாவட்டங்களில் 2023 டிசம்பரிலும் சேற்றில் வெறுங்காலோடு நின்று வீட்டை வாரி இறைத்தவர்கள் எத்தனையோ பேர். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலில் உள்ள வெடிப்பு வழியே கிருமியை உள்ளே விடுகின்றன. காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் கழித்தே வரும். அப்போது மருத்துவரிடம் "சேற்றில் வேலை செய்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடக்கூடும். கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல் இரண்டும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டா.

விறகுக்குவியல், செங்கல் அடுக்கு, பழைய ஓட்டுக் குவியல் ஆகியவற்றுக்குள் வெறுங்கை நுழைத்தால் பாம்போ தேளோ இருக்கலாம். முதலில் கம்பால் தட்டி, அப்புறம் கைவையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டா. கடிபட்டவரை நடக்கவிடாமல், நேரே பாம்புக்கடி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை உடைத்து மூட்டை கட்டுவது எளிதாகத் தோன்றும். அதிலிருந்து பறக்கும் இழைகள் தரும் புற்றுநோய் 20, 30 ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள். "வந்ததும் வந்தீர்கள், செப்டிக் தொட்டியையும் இறங்கிப் பார்த்துவிடுங்கள்" என்று ஒருவரிடமும் சொல்லாதீர்கள். பாதுகாப்பின்றி அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூடியைத் திறந்து இறங்கிய ஓரிரு நிமிடத்தில் உயிர் போய்விடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மேலே வருவதில்லை.

நம் நண்பருக்கு என்ன ஆயிற்று என்பதை இன்னும் சொல்லவில்லை.

மகளின் அனுமதியோடு பெரியவரின் பழைய பரிசோதனைகளைப் பார்த்தோம். மறைவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு எடுத்தவை, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் இல்லை. அந்த ஊசியால் அஞ்சவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவர் கண்கலங்கிவிட்டார். ஆனால், வழக்கப்படி அவர் இரத்தத்தையும் அன்றே சோதித்ததில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. நான்கு நாளில் அது இரத்தத்தில் தெரியவராது. வெகுநாளாக அவருக்கே தெரியாமல் இருந்து வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். இருபது ஆண்டுத் தொழிலில் எத்தனையோ முறை மூட்டைகள் குத்தியிருப்பதாக அவர் சொன்னார், கணக்கு வைத்துக்கொண்டதில்லை. இன்று குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசியை அவர் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் பெற்றதில்லை.

2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இந்நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அவர் இப்போது ஆறு மாதத்துக்கொருமுறை கல்லீரல் பிரிவுக்குத் தவறாமல் வருகிறார். மருந்து தேவைப்படும் நிலை இன்னும் வரவில்லை. மனைவிக்கும் மகளுக்கும் தொற்று இல்லை; இருவரும் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுக்கொண்டார்கள். அவருடன் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களையும் அவரே அழைத்து வந்து போடச் செய்தார். கையுறைக்கும் தடித்த காலணிக்கும் தனியாகப் பணம் ஒதுக்குகிறார். சாக்கைத் தொடையிலோ முதுகிலோ சாய்க்காமல், கழுத்தைப் பிடித்து உடலை விட்டுத் தள்ளித் தூக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதனால் ஒரு நடையில் ஏற்றுவது இரண்டு நடையாகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு.

சென்ற மாதம் வந்தபோது, தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். ஒரு வீட்டுக்குப் போனால் முன்பெல்லாம் பொருள்களைச் சுற்றிப் பார்த்து விலை பேசுவது அவர் வழக்கம். இப்போது வாசலிலேயே நின்று ஒரு கேள்வி கேட்கிறாராம்: "அம்மா, ஊசி போட்டுக்கறவங்க யாராச்சும் இந்த வீட்டுல இருந்தாங்களா?" சிலர் முகம் சுளிக்கிறார்களாம். பெரும்பாலோர் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே போய், கட்டி வைத்த மூட்டைகளில் ஒன்றை அவிழ்க்கிறார்களாம்.